பதில்: ரெடிமேட் ஸ்டேஜ் 1 மேப் போட்ட பிறகு ஏலகிரி ஏற்றத்தில் இழுவை குறைகிறது

ப்ரோ, போலோ 1.0 டிஎஸ்ஐயில் டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) இன்டேக்கும் (காற்று உள்ளே போகும் பாதை) மாற்றி, மேலே ரெடிமேட் ஸ்டேஜ் 1 மேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஃபைல்) போட்டிருக்கிறீர்கள். காலையில் நன்றாக ஓடுகிற வண்டி, மதிய வெயிலில் ஏலகிரி ஏறும்போது படுத்துவிடுகிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. சரிதானே?

ஸ்டேஜ் 1 என்பது கம்பெனி பாகங்களை மாற்றாத வண்டிக்கு எழுதியது. டவுன்பைப் மாறினால் டர்போ முன்னைவிடச் சுலபமாகச் சுழலும். மேப் கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஒன்று, கிடைப்பது வேறொன்று. போதாததற்கு வேலூர் வெயில். உள்ளே போகிற காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும், இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) உடனே இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். இழுவை அங்கேதான் போகிறது என்பது என் ஊகம். அந்த மேப் ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியதா என்றும் விற்றவரிடம் கேளுங்கள். அப்படியென்றால் நம் பங்க் பெட்ரோலில் அது திணறத்தான் செய்யும்.

முதலில் ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பிழைக் கோடு பாருங்கள். பி0234 என்றால் பூஸ்ட் அளவு மீறுகிறது. பி0420 மட்டும் என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விவகாரம், டவுன்பைப் மாற்றியவர்களுக்குப் பழகினதுதான். (புகைச் சோதனை தனித் தலைவலி.)

பாகங்களை மாற்றாமல் இருந்திருந்தால் நல்ல ரெடிமேட் மேப்பே போதும் என்பேன். உங்களுக்குக் கஸ்டம் மேப்தான், அதாவது உங்கள் வண்டிக்கென்றே எழுதுவது. சென்னையோ பெங்களூரோ, டைனோவில் (உருளைமேல் ஓட்டிப் பவர் அளக்கும் கருவி) ஏற்றி லாக் (ஓடும்போது எடுத்த எஞ்சின் பதிவு) பார்த்து எழுதுகிறவரிடம் போங்கள். அதுவரை பழைய கம்பெனி மேப்பைத் திரும்பப் போட்டு ஓட்டுங்கள். லாக் கேட்காமலே ஃபைல் அனுப்புகிறவர் வேண்டாம்.