அநியாயம் செய்தவரை ஒவ்வொரு ஞாயிறும் சபையில் பார்க்கிறேன். "பழிவாங்குதல் கர்த்தருடையது" என்று விட்டுவிடுவதுதான் விசுவாசமா?

உங்களுக்கு வரவேண்டிய காசு என்றே எடுத்துக்கொள்கிறேன். சபைக்குள் வருகிற மனத்தாங்கலில் முக்கால்வாசி கடனும் காணியும்தான். ரோமர் 12:19ஐச் சொல்லி யாரோ உங்கள் வாயை அடைத்திருப்பார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் தையல் தைக்கிறவள். போதகரும் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவளும் இல்லை. எனக்கு முன் வாங்கில் இருக்கும் ஒரு அண்ணரிடம் சீட்டுக் கட்டினேன், மகளின் படிப்புக்காக. என் முறை வந்தபோது காசு வரவில்லை. "அடுத்த கிழமை தங்கச்சி" என்று சொல்லியே காலத்தைக் கடத்தினார். அந்த வருடம் அறுவடைப் பண்டிகையில், யாரோ காணிக்கையாக வைத்த பூசணிக்காயை அதே அண்ணர் ஐயாயிரம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். போதகர் மைக்கில் ஆசீர்வதித்தார். என் காசில் பூசணிக்காய்!

வீட்டுக்குப் போய் ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தை எடுத்தேன். "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்று கர்த்தரே சொல்கிறார். லேவியராகமம் 6இல் இன்னும் தெளிவு: பிறனை ஏமாற்றியவன் முதலையும், அதோடு ஐந்திலொரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். பலியை மட்டும் கொண்டுவந்து தப்ப முடியாது.

முதலில் போதகரிடமும் மூப்பர்களிடமும்தான் போனேன். ஜெபித்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இணக்க சபைக்கு, அதாவது வழக்குக்குப் போகாமல் பிணக்குத் தீர்க்கிற அரசாங்க மத்தியஸ்த சபைக்கு, எழுதிக் கொடுத்தேன். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது அது. சட்டத்தரணி வாதாட வரமுடியாது; மத்தியஸ்தர் மூன்று பேர் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைப்பார்கள். பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க அண்ணரும் நானும் எதிரெதிரே இருந்தோம். என் சீட்டுக் கொப்பியில் மாதாமாதம் அவர் வைத்த கையெழுத்து இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். தந்தும் முடித்தார்.

"என்ன கா, விசுவாசியை விசுவாசி இழுத்துக்கொண்டு போறதா? 1 கொரிந்தியர் 6 படிக்கல்லயா?" என்றார் மாதர் சங்கத்து அக்கா ஒருவர். படித்தேன். வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று பவுல் வெட்கப்படுத்துவது சபையைத்தான். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று ஏழாம் வசனம் கேட்கிறது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டாம் வசனத்தில் அநியாயம் செய்கிறவனுக்கும் ஏச்சு இருக்கிறதே? அதை அந்த அண்ணரிடம் ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.

"மன்னிக்கத் தெரியாதவள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் அவரைச் சபிக்கவில்லை, ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை, இன்றைக்கும் தோத்திரம் சொல்கிறேன். பழிவாங்குவது வேறு, உரியதைக் கேட்பது வேறு. லூக்கா 18இல் வரும் விதவை, தேவனுக்குப் பயப்படாத நியாயாதிபதியிடமே ஓயாமல் போய் நியாயம் கேட்டவள். இயேசு அவளைக் குறை சொல்லவில்லை.

இன்னொன்று. பிறகு ஒரு மாரியில் அண்ணரின் கடைக்குள் வெள்ளம் புகுந்தது. "பாத்தியா, கர்த்தர் அடிச்சார்" என்று என்னைச் சந்தோசப்படுத்த வந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்றும் சொல்லிவிட்டார். 2004 சுனாமிக்குப் பிறகும் எங்கள் கரையில் நின்று "இது நியாயத்தீர்ப்பு" என்று பிரசங்கம் பண்ணினவர்களைக் கேட்டவள் நான். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்த ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு என்ன தீர்ப்புச் சொல்வார்கள்? அந்தப் பிரசங்கிமாரின் பெரிய போஸ்டர்கள் இன்னும் மதில்களில் ஒட்டப்படுகின்றன. எங்கள் வீட்டு மதிலிலும், கேட்காமலே. சுரண்டச் சுரண்ட வெள்ளைப் பூச்சும் சேர்ந்து வருகிறது.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். முதலில் அநியாயம் செய்தவரிடமே தனியாகப் பேசுங்கள்; கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்; அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லுங்கள். மத்தேயு 18இல் சொன்ன ஒழுங்கு அது. அதற்கும் அசையாவிட்டால் இணக்க சபை கூடும் நாளைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். போகும்போது எழுத்தில் இருப்பதையெல்லாம் கொண்டுபோங்கள், துண்டுக் கடதாசியாக இருந்தாலும்.