மூக்கில் ஃபில்லர் ஊசி: வாசகர் கேள்விகளும் மருத்துவ பதில்களும்

தை மாதம் எனக்குத் திருமணம். மூக்குத் தண்டில் உள்ள மேட்டை அறுவை சிகிச்சை இல்லாமல் ஊசியிலேயே சரிசெய்யலாம் என்கிறார்கள். ஆபத்து உண்டா?
— வாசகி, அஸ்தம்பட்டி

இந்த ஊசியில் தோலுக்கடியில் செலுத்தும் ஃபில்லர் என்னும் நிரப்பு மருந்து அந்த மேட்டைக் கரைப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள பள்ளத்தை நிரப்பி, மேடு தெரியாமல் செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே மூக்கு சிறிதாகாது, மூச்சடைப்பு இருந்தால் அதுவும் தீராது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் வீக்கத்தோடும் ரத்தக்கட்டோடும் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயோடு தொடர்புள்ளவை. மருந்து தவறிக் குழாய்க்குள் ஏறி, ஊசியின் அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, விழித்திரையின் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால், ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணில் பார்வை போய்விடக்கூடும். பெரும்பாலும் அது திரும்புவதில்லை. அரிதுதான். ஆயினும் முகத்தில் ஃபில்லர் போடும் இடங்களில் இந்த ஆபத்து மிகுந்தவை மூக்கும் புருவ மத்தியும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். திருமணத்துக்கு முந்தைய வாரங்களில் கண்டிப்பாக வேண்டாம்.

ஏற்காட்டில் விடுதி ஒன்றில் வார இறுதியில் முகாம் வைத்துக் குறைந்த கட்டணத்தில் போடுகிறார்கள். போகலாமா?
— வாசகர், ஃபேர்லண்ட்ஸ்

போகாதீர்கள். விழித்திரைக்கு ரத்தம் நின்றுபோனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் நிலையான சேதம் ஏற்பட்டுவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு கண் மருத்துவரிடம் சேர்வதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். எங்கே போட்டுக்கொண்டாலும், போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். மருந்து ஹயலூரானிக் அமிலம்தானா, அதைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் அதே அறையில் தயாராக இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிலிக்கான் போன்றவற்றைக் கரைக்க மருந்தே கிடையாது. உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, அதன் லேபிளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஊசி போட்ட பிறகு மூக்கு நுனி வெளுத்தால் ஐஸ் வைத்தால் போதும் என்கிறாள் தோழி. சரியா?
— வாசகி, சூரமங்கலம்

தவறு. குளிர்ச்சி ரத்தக்குழாயை மேலும் சுருக்கும். வெளுப்பு, வலை பின்னியதுபோல் நீலத் திட்டுகள், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை ரத்த ஓட்டம் அடைபட்டதன் அடையாளங்கள்; சிலருக்கு வலியே இருக்காது. தோலை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள்: இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பவில்லை என்றால், இரவானாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் ஹயலூரோனிடேஸ் போட்டால் தோலைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்; காத்திருந்தால் சீழ்க்கொப்புளம் கண்டு, தோல் கறுத்து அழுகி, தழும்பாக நிற்கும். பார்வை மங்கினாலோ பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள்.

முன்பே மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். ஃபில்லர் போடலாமா?
— வாசகர், ஆத்தூர்

உங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தழும்புத் திசு ரத்தக்குழாய்களை இடம் மாற்றி இறுகப் பிடித்திருக்கும். ஊசி பட்டால் அவை விலகிக்கொடுக்காது. முதலில் செய்த அறுவை சிகிச்சையின் குறிப்புகளோடு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால், சம்மதிக்கும் வேறொருவரைத் தேடிப் போகாதீர்கள்.