பனிக்கோடரி வாங்கும் முன் இரண்டு மூங்கில் கழி

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். உயரம் 165 செ.மீ. உத்தரகாசியில் 28 நாள் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறேன். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) வாங்க வேண்டும். ஊன்றி நடக்கவும் உதவும் என்று 75 செ.மீ. வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 60 செ.மீ. சரியாக இருக்கும். அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள். இத்தகைய பயிற்சிகளில் கோடரியும், பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டமான கிராம்பானும் வழக்கமாக நிலையத்திலேயே கொடுப்பார்கள். கருவிப் பட்டியலை முதலில் பாருங்கள்.

அளவெடுப்பது எளிது. மலையேற்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். கோடரியின் தலையைப் பிடித்துக் கையைத் தளரத் தொங்கவிடுங்கள். அடிக் கூர்முனை கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும், அல்லது நாலைந்து செ.மீ. மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் நீளம் அதிகம். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் குட்டையானதையே எடுங்கள்.

காரணம் உங்கள் ஊர்ச் சரிவிலேயே புரியும். 60, 75 செ.மீ. நீளத்தில் இரண்டு மூங்கில் கழிகளை வெட்டிக்கொண்டு, செங்குத்தான தேயிலைச் சரிவில் குறுக்காக நடந்து பாருங்கள். கழியை ஊன்ற வேண்டியது மேட்டுப் பக்கம். 35 டிகிரி சரிவில், காலிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஊன்றினால் அந்த இடம் கால் மட்டத்தைவிட 28 செ.மீ. உயரத்தில் இருக்கும். இறுகிய பனியில் முனை மட்டுமே இறங்கும். 60 செ.மீ. கழியில் கை ஏறத்தாழ 88 செ.மீ. உயரத்தில், இடுப்பருகே நிற்கும். உடல் எடையைப் போட்டு அழுத்தலாம். 75 செ.மீ. என்றால் 103, கை முழங்கை மட்டத்துக்கு ஏறிவிடும். அங்கிருந்து அழுத்த வலு கிடைக்காது.

இதைவிடக் கவலை தருவது, சறுக்கி விழும்போது நடப்பது. சறுக்கலை நிறுத்த, ஒரு கை கோடரியின் தலையைப் பிடித்து, அதன் கூரான அலகைத் தோளுக்குச் சற்று மேலே பனியில் பதிக்கும்; மறு கை தண்டின் அடிமுனையை எதிர் இடுப்பருகே பொத்திப் பிடிக்கும்; நெஞ்சின் எடை தண்டின் மேல் விழும். தண்டு நீண்டால் அடிமுனை இடுப்பைத் தாண்டித் துருத்தும். அது பனியில் மாட்டினால் கோடரி கையைவிட்டுப் பறக்கும், இல்லையென்றால் தொடையைக் குத்தும். கிராம்பான் மாட்டியிருந்தால் பாதங்களைப் பனியில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். முட்கள் சிக்கினால் உடல் தலைகீழாகப் புரளும்.

50 செ.மீ.க்குக் கீழேயும் போகாதீர்கள். சரிவு குறைந்த பனியில் அடிக்கடி குனிய நேரும். மெத்தென்ற பனியில் செருகினாலும் போதிய பிடிப்பு இருக்காது. செங்குத்தான பனிச்சுவர் ஏறுபவர்களுக்குத்தான் அந்த அளவு.

தண்டில் 1 அல்லது 'பி' (B) என்ற குறி இருந்தால் சாதாரணப் பனி நடைக்கானது. உங்களுக்கு அது போதும். 2 அல்லது 'டி' (T) கூடுதல் வலுவுள்ளது, விலையும் கூடுதல்.

கேள்வி: கொடைக்கானல் பாதைகளில் இதையே கைத்தடியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஈரப் பாறையில் எஃகு முனை வழுக்கும்; விழுந்தால் அலகு உங்களையே குத்தும். நீளம் மாற்றக்கூடிய டிரெக்கிங் கோல் வாங்குங்கள். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் அளவுக்கு வையுங்கள். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் முனையில் ரப்பர் மூடியை மாட்டிவிடுங்கள்.