டீச்சருக்கான கச்சேரியில் எதை வாசிப்பது?

கேள்வி: சிறு வயதில் எனக்குப் பியானோ கற்றுத்தந்த டீச்சருக்கு எண்பது வயது நிறைகிறது. கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் அவருக்காகக் கச்சேரி செய்யப்போகிறேன். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் கடினமான எட்யூட்களை (பயிற்சி இசைத்துண்டுகளை) வாசிக்கவா, அவர் பென்சிலால் விரல் எண் குறித்துத் தந்த இசையமைப்பாளர் பாக்கின் இன்வென்ஷன்களை (மாணவர்களுக்கான சிறு இசைத்துண்டுகளை) வாசிக்கவா? பின்னது சின்னப்பிள்ளைப் பாடம் என்கிறார்கள் வீட்டார்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இன்வென்ஷன்களையே வாசியுங்கள். லிஸ்ட்டும் 1852இல் வெளியான தம் எட்யூட்களை ஆசிரியர் செர்னிக்குத்தான் காணிக்கையாக்கினார். ஆகவே அதில் ஒன்றை இறுதியில் வைத்துக்கொண்டால் பொருத்தம் கெடாது. ஆனால் கச்சேரி முழுவதையும் அப்படி அமைத்தால், மாலை உங்கள் திறமையைப் பற்றியதாகிவிடும். பீத்தோவன் தம் ஓபஸ் 2 (படைப்பு எண் 2) பியானோ சொனாட்டாக்களை ஆசிரியர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிவிட்டு, முகப்பில் 'ஹைடனின் மாணவர்' என்று போட மட்டும் மறுத்துவிட்டதாக பீத்தோவனின் மாணவர் ரீஸ் எழுதியிருக்கிறார். அந்த வீம்பு உங்களுக்கு வேண்டாம்.

சின்னப்பிள்ளைப் பாடம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: 1723ஆம் ஆண்டுக் கைப்பிரதியில், இரண்டு குரல்களை, அதாவது ஒரே நேரத்தில் செல்லும் இரண்டு மெட்டுகளை, தெளிவாக வாசிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல் வாசிக்கவும் பழக்குவதே நோக்கம் என்று பாக்கே எழுதிவைத்திருக்கிறார். இடது கை வெறும் துணையாக ஒதுங்க வழியில்லாத இசை அது. விரல் கொஞ்சம் தடுமாறினாலும் மறைக்க இடமில்லை. அந்தப் பழைய புத்தகத்தையே வைத்து வாசியுங்கள். எந்த இடத்தில் நான்காம் விரலின் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

இனி இடம். மேலே திறந்திருக்கும் வளவில் (நடு முற்றத்தில்) பியானோவைப் போடாதீர்கள். வெயிலும் ஈரமும் ஒலிப்பலகையின் மரத்தை அசைத்துச் சுருதியைக் கலைத்துவிடும். பட்டாலையில் (கூரையுள்ள கூடத்தில்) வைக்கலாம். கருவியைச் சில நாள் முன்பே கொண்டுவந்து, அங்குள்ள காற்றுக்கு மரம் பழகிய பிறகு, கச்சேரிக்கு முதல் நாள் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும் என்பதால், ஜமக்காளத்தை விரித்து, ஒலியை நீட்டும் வலது பெடலைக் குறைவாக மிதியுங்கள்; இல்லாவிட்டால் பாக்கின் இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும்.

பொன்னாடை, பேச்சு எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். டீச்சருக்கு முன்வரிசைச் சோபா வேண்டாம். பாடம் நடத்தும்போது எந்தப் பக்கம் உட்காருவாரோ, அந்தப் பக்கத்திலேயே, உங்கள் விரல்கள் தெரியும்படி ஒரு நாற்காலி போடுங்கள்.