பழைய படகுக்காரர்களைப் போல ஓட்டலாமா?

கேள்வி: ஆகஸ்டில் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய் ஒன்றில் ஒரு வாரம் நேரோபோட் (ஒடுங்கிய நீளப் படகு) வாடகைக்கு எடுக்கிறோம். அந்தக் காலப் படகுக்காரர்கள் கரையிலுள்ள கம்பத்தில் கயிற்றைச் சுற்றியே சரக்குப் படகுகளை நிறுத்துவார்கள் என்று படித்தேன். அதைப் பழகினால் லாக்குகளை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகளை) விரைவாகக் கடக்கலாமா? (லண்டன் வாசகர்)

பதில்: வேண்டாம். குதிரை இழுத்த படகுக்கும், மோட்டார் படகின் பின்னால் வந்த 'பட்டி' படகுக்கும் இன்ஜின் கிடையாது. இருபது டன்னுக்கு மேல் நிலக்கரியோடு வரும் அவற்றுக்குக் கயிறுதான் பிரேக். உங்களிடம் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. அவர்கள் பிடித்தது பருத்திக் கயிறு. இன்று பலரிடம் இருப்பது நைலான்; இழுத்தால் நீளும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். கம்பத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சிக்கிய விரல் மிஞ்சாது.

சரக்கைச் சேர்த்தால்தான் கூலி என்பதால் அவர்கள் அவசரப்பட்டார்கள். 1962-63 கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தபோது அந்தத் தொழிலும் பெரும்பாலும் முடிந்துபோனது. மணிக்கு 4 மைல்தான் வேக வரம்பு. உங்களுக்கு என்ன அவசரம்?

ஒன்றை மட்டும் அவர்களிடம் அப்படியே கற்றுக்கொள்ளுங்கள்: நிற்கும் இடம். அவர்கள் கேபின் வாசலுக்குள், படியில் இறங்கி நின்று சுக்கான் பிடித்தார்கள். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் எதிலாவது இடித்தால், அதன் கைப்பிடி வெறி பிடித்ததுபோல் பக்கவாட்டில் வீசும். அது வீசும் வட்டத்துக்குள் நிற்பவர் தண்ணீரில் விழுவார். அங்கே புரொப்பல்லர் சுழன்றுகொண்டிருக்கும். பின்தளம் அகலமான படகில் அப்படி உள்ளே நிற்க வழியில்லை. அதில் கைப்பிடி எட்டாத இடத்தில்தான் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். படகின் ஓரப் பலகையில் ஒருவரும் நிற்கவே கூடாது.

'பாரம்பரியப் பயிற்சி' என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி இருக்கிறது; முடிந்தால் அதற்குப் போங்கள். ஸ்கூட்டருக்கு உரிமம் கேட்கும் நாடு, பதினைந்து டன் இரும்புப் படகை எந்தத் தேர்வும் இல்லாமல் சாவியோடு நீட்டுகிறது. வருத்தம் தரும் ஏற்பாடு இது. வாடகைக்கு விடுபவர்கள் அரை மணி விளக்கத்தோடு அனுப்பப் பார்ப்பார்கள். ஒரு லாக்கையாவது கூடவே வந்து கடக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கீழே இறங்கும் லாக்கில் மேல்கதவை ஒட்டித் தண்ணீருக்கடியில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். பின்பகுதி அதில் மாட்டினால், முன்பகுதி தாழ்ந்து படகு சில நிமிடங்களில் மூழ்கிவிடும். சுவரில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலேயே படகை வைத்திருங்கள். மாட்டியது தெரிந்ததும் கீழ்க்கதவு மதகுகளை உடனே மூடுங்கள். அதனால் ஒருவர் மதகைத் திறந்து மூடும் திருகியோடு அங்கேயே நிற்க வேண்டும்.