பெயின்ட் கடைசி வேலை

(பழைய பிரிட்டிஷ் பிக்கப், ஜீப், சின்ன லாரிகள் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, வண்டிப்பெரியாற்றில் ஒர்க்‌ஷாப் நடத்தும் மூத்த மெக்கானிக் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஏலத்தோட்டத்தில் ஓடிய லேண்ட்ரோவர் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1965 மாடல், நீளமான 109 இஞ்ச் வண்டி. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து இரண்டு மாதத்தில் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகர், போடி)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். பெயின்ட் கடைசி வேலை.

லேண்ட்ரோவரின் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் 1948-இல் முதல் வண்டி வந்தபோதே பிர்மாபிரைட் என்ற கலவைத் தகட்டைத்தான் போட்டார்கள். வெளியே பார்த்தால் எந்த லேண்ட்ரோவரும் நன்றாகத்தான் தெரியும். கெடுவது சேஸி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம். தகடுகளைப் பெட்டி மாதிரி சேர்த்து வெல்டு வைத்தது அது, உள்ளே வெற்றிடம். உள்ளே போன சேறு தானாக வெளியே வராது. எங்கள் பக்கம் ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் ஐப்பசியின் துலாமழை ஓயும்வரை அந்தப் பெட்டி காய்வதே இல்லை. துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வெளிப்பக்கம் கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

ஆகவே முதலில் வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டு, ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்து, முன் பம்பரிலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உளுத்த இடம் 'தொப்' என்று சொல்லும். சில இடத்தில் சுத்தியலே உள்ளே போய்விடும். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். சேஸியின் கடைசிக் குறுக்குச் சட்டம் (கிராஸ் மெம்பர்), பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடம், பெட்ரோல் டேங்குக்கு மேலே, டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கை, இந்த நான்கையும் இரண்டு முறை தட்டுங்கள். என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே நிற்கும் இரும்புச் சுவரையும் விடாதீர்கள். கதவுக் கீல் மாட்டும் தூணின் அடிப்பகுதி அதில்தான் முதலில் போகும்.

குறி போட்ட இடத்தில் மேலே ஒரு தகட்டை ஒட்டி வெல்டு வைப்பதுதான் பல கடைகளில் வழக்கம். அது துருவை மூடிவைக்கிற வேலை. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு மில்லி தகடு வைத்து முழுச் சுற்றும் வெல்டு வைக்கச் சொல்லுங்கள். வெல்டுக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் சேஸியில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்து, உள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை ஸ்ப்ரே செய்யுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பாடியில் ஒடுக்கு விழுந்திருந்தால் அதை இரும்பு மாதிரி அடித்துத் தள்ளக் கூடாது. அலுமினியம் அடிக்க அடிக்க இறுகி, விளிம்பில் வெடித்துவிடும். முதலில் துணி துவைக்கிற பார் சோப்பை ஒடுக்கின் மேல் நன்றாகத் தேயுங்கள். தகட்டின் பின்பக்கத்திலிருந்து கேஸ் நெருப்பை ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். தேய்த்த சோப்பு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். கறுத்த நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. அப்படியே உருகி ஓட்டை விழும். சோப்புதான் உங்களுக்கு அடையாளம். ஆறியதும் தகடு இளகியிருக்கும். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஒடுக்கு வழிக்கு வரும்.

அலுமினியமும் இரும்பும் நேராக ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓடி அலுமினியத்தை அரிப்பதால் வருவது அது. கழற்றிப் பூட்டும்போது நடுவில் ரப்பரோ கனமான பிரைமரோ வையுங்கள். அலுமினியத்தின் மேல் நேராகப் பட்டி பார்க்கக் கூடாது. அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பெயின்டுக்கு உரசும்போது ஒன்றைக் கவனியுங்கள். கதவில் அடியில் இருக்கும் பூச்சில் எஸ்டேட் பெயரும் வண்டி நம்பரும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எழுத்தைக் கையால் எழுதிய ஆட்கள் இன்று இல்லை. அந்தக் கதவை அப்படியே விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவின் ஆஸ்டின் ஏ40 பிக்கப்புக்குப் புது பேட்டரி போட்டோம். லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் ஆம்பியர் மீட்டர் முள் தலைகீழாகப் போகிறது, சார்ஜ் ஏறவில்லை. டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், சித்தூர், பாலக்காடு)

பதில்: டைனமோ மேல் குற்றமில்லை, தம்பி. பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ்தான் எர்த், அதாவது பாடியோடு சேரும் முனை. பேட்டரியின் பிளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிமன். பாடியிலிருந்து வரும் எர்த் பட்டையின் பழைய கிளாம்ப் பிளஸ்ஸில் கச்சிதமாக உட்கார்ந்து, மைனஸில் லொடலொடவென்று ஆடினால் சந்தேகமே வேண்டாம். பல்புக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதனால்தான் அவை வேலை செய்து உங்களை ஏமாற்றுகின்றன.

உடனே இன்ஜினை நிறுத்தி, பேட்டரியைச் சரியாக மாட்டுங்கள். டைனமோவில் எஃப் என்று போட்ட சின்ன முனையின் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து அந்த முனையில் ஒரு நொடி தொடுங்கள். சின்னப் பொறி வரும். டைனமோவின் காந்தம் பழைய திசைக்குத் திரும்பிவிட்டது. டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டியைத் திறந்து பாயின்ட் கருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம், இந்த வண்டியில் மொபைல் சார்ஜர் மாட்ட வேண்டாம். பாடியே பிளஸ், சார்ஜர் போய்விடும்.

கேள்வி: 13 ஸ்பேனர் நுழையவில்லை, 14 வழுக்குகிறது. நட்டு தேய்ந்துவிட்டதா? (வாசகர், குமுளி)

பதில்: தேயவில்லை. அது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு நட்டு. கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மில்லி. அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் கனம், நட்டின் அகலம் அல்ல. பழைய இரும்புக் கடையில் ஒரு செட் தேடி வாங்குங்கள். பைப் ரிஞ்சு வைத்துத் திருகி நட்டின் மூலைகளை உருட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பிரேக் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவலாமா? (வாசகர், கம்பம்)

பதில்: கூடவே கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஊதிவிடும். பிரேக் பிடித்தது விடாது. மலை இறக்கத்தில் அது உயிர் விஷயம். பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ கொண்டு மட்டும் கழுவுங்கள்.

கேள்வி: என் லேண்ட்ரோவரில் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் ரப்பர் ஹோஸும் அடிக்கடி கெட்டுப்போகின்றன. முன்பு இப்படி இல்லை. (வாசகர், தேனி)

பதில்: இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரையும் கார்க் கேஸ்கெட்டையும் அது கெடுக்கும். டேங்கில் படிந்த பழைய கசடையும் கரைத்து கார்புரேட்டர் ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைப்பதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காவல். உங்கள் இரண்டேகால் லிட்டர் என்ஜினில் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள சந்து) 0.010 இஞ்ச். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அது குறைந்துகொண்டே வந்தால் வால்வு உள்ளே அமிழ்கிறது என்று அர்த்தம். லேத்தில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கடின வால்வு சீட் போடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய பெட்ஃபோர்டு லாரி இருக்கிறது. மரம் ஏற்றிய வண்டி. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் வைத்திருக்கிறார். வின்டேஜ் நம்பர் வாங்க ஆசை. ஒரிஜினல் என்ஜின் தேடட்டுமா? (வாசகர், புனலூர்)

பதில்: 2021-இல் வந்த மத்திய விதி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றமும் இருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்பதற்கு மேல் ரோட்டில் ஓட்ட முடியாது. லோடு அடித்த லாரியை அதற்குள் நுழைப்பது கஷ்டம்.

எனவே அந்த நம்பருக்காக பி6-ஐக் கழற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பெட்ஃபோர்டின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் மூன்றரை லிட்டர். லோடோடு மலை ஏறினால் பெட்ரோலைக் குடிக்கும். மதராஸில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் என்ஜின் செய்ய ஆரம்பித்த பிறகு எத்தனையோ பெட்ரோல் லாரிகள் டீசலுக்கு மாறிப் பிழைத்தன. உங்கள் தாத்தா செய்ததும் அதுதான். அந்த என்ஜின் இல்லாமல் போயிருந்தால் லாரி அன்றைக்கே காயலான் கடைக்குப் போயிருக்கும். அதுவும் இப்போது அந்த வண்டியின் சரித்திரம்.

முதலில் பழைய ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, எரிபொருள் டீசல் என்று திருத்தியிருக்கிறதா, என்ஜின் நம்பர் பிளாக்கில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயின்டுக்கும் பாடிக்கும் காசு செலவழிப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.