கோடை முகாம் காதல் நாவல்: கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் கோடை முகாமில் நடக்கும் கலகலப்பான இளையோர் காதல் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: காதல் எங்கே வேண்டுமானாலும் வரலாம். எல்லோரும் ஏன் முகாமையே பிடித்துக்கொள்கிறார்கள்?

பதில்: கதைக்கு வேண்டியது எல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. அப்பா அம்மா கிடையாது. பிடிக்காத ஆளிடமிருந்து தப்பிக்க வழி கிடையாது. மூன்று வேளையும் ஒரே கூடத்தில்தான் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகும் பேருந்து வரும் நாள் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1861-இல் கனெக்டிகட்டில் ஒரு பள்ளிக்கூடத் தலைவர் மாணவர்களை முகாமுக்குக் கூட்டிப்போனதைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். அவ்வளவு பழைய பழக்கம். அதனால் பிள்ளைகள் தங்கும் கேபின் சுவரில் கதாநாயகியின் பாட்டி கீறிவைத்த பெயர் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பக்கத்தில் இன்னொரு பெயரும் இருந்து, அது தாத்தாவுடையதாக இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கிளைக்கதையே கிடைத்தது.

கேள்வி: நான் அப்படி ஒரு முகாமைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுதலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஏரி, நிலா, கிட்டார் என்று ஆரம்பிக்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரிந்த முகாம். விதிகளில் இருந்து ஆரம்பியுங்கள். பல முகாம்களில் ஏரியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. உயிர்காப்பாளர் விசில் ஊதியதும் ஜோடிகள் கையைப் பிடித்து உயர்த்தி நிற்க வேண்டும்; தலைகளை எண்ணுவார்கள். யாரும் மூழ்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். இப்போது காலையில் சண்டை போட்ட இருவரை ஜோடியாக இறக்கிவிடுங்கள். விசில் சத்தம். அவள் கையை நீட்டுகிறாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எண்ணுகிறவருக்குக் கணக்கு இடிக்கிறது, மறுபடி முதலில் இருந்து எண்ணுகிறார். அவர்கள் கையைக் கீழே விட முடியாது. நாவலாசிரியர் வலிந்து எதுவும் செய்யவில்லை, எல்லாம் விதி செய்த வேலை.

இதே மாதிரி விளக்கணைக்கும் நேரம், கேபின் சுத்தம் பார்க்கும் சோதனை, பாத்திரம் எடுத்துவைக்கும் முறை என ஒவ்வொன்றையும் துருவிப் பாருங்கள். முகாமின் கால அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

கேள்வி: பதினைந்து வயதுப் பெண்ணுக்கும், முகாமில் அவளைக் கவனித்துக்கொள்ளும் கவுன்சிலருக்கும் காதல் வைத்தால்?

பதில்: வேண்டாம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் அவர். அது கலகலப்பான கதை ஆகாது. பதினாறு, பதினேழு வயதில் கவுன்சிலர் பயிற்சியில் சேர்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் இருவரை எடுங்கள். முழுச் சிறுவர்களும் இல்லை, முழு அதிகாரமும் இல்லை. எட்டு வயது வாண்டுகள் பத்துப் பேரைத் தூங்கவைத்துவிட்டுத்தான் காதலே செய்ய முடியும்.

கேள்வி: எதிரிகள் காதலர்கள் ஆவது சலித்துப்போகவில்லையா?

பதில்: காரணம் இல்லாத எதிரிகள்தான் சலிக்கிறார்கள். பல முகாம்களில் ‘கலர் வார்’ என்று ஒரு போட்டி நடக்கும். மொத்த முகாமும் இரண்டு நிறமாகப் பிரிந்து சில நாட்கள் மோதிக்கொள்ளும். என் யோசனை, அதுவரை நண்பர்களாக இருந்தவர்களை அப்போது பிரித்துப் போடுங்கள். காதலைச் சொல்ல நினைத்த அன்று காலையில் அவன் நீலம், இவள் சிவப்பு.

கேள்வி: வில்லன் தேவையா?

பதில்: கொசு போதும்.

கேள்வி: போன் இல்லாமல் இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பும்படி எழுத முடியுமா?

பதில்: பல முகாம்களில் உள்ளே வந்ததும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு குறுஞ்செய்தியில் தீர்ந்துவிடும் குழப்பம் இங்கே மூன்று அத்தியாயம் ஓடும். வீட்டுக்குப் போகும் கடிதம் தாமதமாகச் சேரும், பதில் வரும்போது நிலைமையே மாறியிருக்கும். ‘அவனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை’ என்று மகள் எழுதியதற்கு அம்மா எழுதிய ஆறுதல், முதல் முத்தத்துக்கு மறுநாள் வந்து சேரட்டும்.

கேள்வி: எவ்வளவு நீளம்?

பதில்: ஆங்கிலத்தில் இந்த வகை பெரும்பாலும் 50,000 முதல் 80,000 சொற்களுக்குள் முடிந்துவிடும். நான் குறைந்த நீளத்தின் பக்கம்.

கேள்வி: எரிகற்கள் விழும் இரவில் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சி வைத்திருக்கிறேன். பழையதாகத் தோன்றுமா?

பதில்: பழசுதான், ஆனால் வேலை செய்யும். பெர்சீட் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வருவது ஆகஸ்ட் 12, 13 வாக்கில். உங்கள் முகாம் ஜூலையிலேயே முடிகிறது என்றால் காட்சியைத் தூக்க வேண்டும், அல்லது முகாமைத் தள்ளிப்போட வேண்டும். வருடத்தையும் சொல்லியிருந்தால் அன்று நிலா எப்படி என்று பாருங்கள். முழு நிலவில் மங்கலான எரிகற்கள் கண்ணுக்குத் தெரியாது. காதலர்கள் கவனிக்க மாட்டார்கள், வாசகர் ஒருவர் கட்டாயம் கவனித்துக் கடிதம் போடுவார்.